ஒரு நொடி பாக்கி

2013 நவம்பரில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊரில், பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. இரண்டும் நடந்தபோது நான் அந்த ஊரில்தான் இருந்தேன். முதல் அதிசயத்தின்போது அது நடந்த மைதானத்துக்குள்ளேயே இருந்தேன். ஆனால் இரண்டையும் கண்ணால் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன்.

இதைச் சொன்னால் அங்கே படித்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். திருப்பதிக்குப் போய் லட்டு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவனைப் பார்ப்பதுபோல.

அந்த ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க அங்கே போய் இறங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். கொஞ்சம் செஸ், அதுவும் ஆனந்த் ஆடினால் மட்டும். வந்த முதல் வாரத்தில் ஆய்வகத்தில் ஒரு பையன் “ஃபுட்பால் பிடிக்குமா?” என்று கேட்டான். “பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கேன், கோல்கீப்பர்” என்றேன். என்னோடு தங்கியிருந்த மதுரைக்கார சீனியர் அண்ணன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். “தம்பி, இங்க ஃபுட்பால்னா கையில தூக்கிட்டு ஓடுறது. கால்ல உதைக்கிறவன் ஒருத்தன்தான். அவனையும் ஆட்டக்காரன்னு யாரும் மதிக்க மாட்டாங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஆட்டம் இல்லாத நாளில் ஆபர்ன் அமைதியான கல்லூரி ஊர். அட்லாண்டாவிலிருந்து 85-ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்கே இரண்டு மணி நேரம். ஜார்ஜியா எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபம். பல்கலைக்கழகத்தின் நடுவில் ஜோர்டன்-ஹேர் மைதானம். அந்த ஊர்க்காரர்கள் ‘ஜெர்டன்’ என்பார்கள். ‘ஜோர்டன்’ என்று சொன்னாலே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். அப்போது அதில் 87,451 பேர் உட்காரலாம். ஊரின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. ஆட்டம் சனிக்கிழமை என்றால் அதற்கு முன்பே வீடு மாதிரி பெரிய வண்டிகள் வந்து வரிசை கட்டிவிடும். கூடாரம், அடுப்பு, டிவி எல்லாம் வண்டியிலேயே வரும். மாரியம்மன் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டி வந்து ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிடுவது பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டை எடுத்துவிட்டு எஞ்சினை வைத்தால் அதேதான்.

அணியின் பெயர் டைகர்ஸ். முழக்கமோ ‘வார் ஈகிள்’, போர்க் கழுகு. புலிக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நான் கேட்ட நான்கு பேரும் நான்கு கதை சொன்னார்கள். ஆட்டத்துக்கு முன்பு நிஜக் கழுகு ஒன்றைப் பறக்கவிடுவார்கள். அது கூட்டத்தின் தலைக்கு மேல் வட்டமடித்து மைதானத்தின் நடுவில் வந்து இறங்கும். மளிகைக் கடையில் சில்லறை கொடுக்கும் பெண்மணிகூட “வார் ஈகிள்” என்பார். நீங்களும் “வார் ஈகிள்” என்றால் போதும், வணக்கம் சொல்லியாகிவிட்டது.

நான் போனபோது ஊரே கொஞ்சம் துவண்டுதான் இருந்தது. 2010-இல் தேசியப் பட்டம் வென்ற அணி, 2012-இல் மூன்றே ஆட்டங்களில் வென்று ஒன்பதில் தோற்றிருந்தது. தங்கள் லீகான எஸ்.ஈ.சி.யில் ஆடிய எட்டு ஆட்டத்திலும் தோல்வி. கடைசி ஆட்டம் பரம எதிரி அலபாமா பல்கலைக்கழகத்தோடு. 49-0. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அது போதாதென்று மரம் செத்துப்போயிருந்தது. கல்லூரி வாசலில் டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்தி உண்டு. அங்கே இரண்டு பழைய ஓக் மரங்கள். அணி வென்றால் ஜனங்கள் அங்கே கூடிக் கழிவறைக் காகிதச் சுருள்களை மரத்தின் மேல் வீசுவார்கள். மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். முதலில் கேட்டபோது நானும் முகம் சுளித்தேன். பழைய படங்களில் பார்த்த பிறகு ஆடி மாதத்து வேண்டுதல் மரம் போலத்தான் தெரிந்தது. 2010-இல் அலபாமாவை அதன் ஊரிலேயே, 24-0 என்று பின்தங்கியிருந்து, 28-27 என்று ஆபர்ன் வென்றது. அந்த வயிற்றெரிச்சலில் அலபாமா ரசிகர் ஒருவர் மரத்தின் வேரில் களைக்கொல்லியை ஊற்றிவிட்டார். பிறகு வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு அதைச் சொல்லியும் காட்டினார். மரங்களைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தும் முடியாமல் 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அந்த இடத்தில் மரம் இல்லை. காகிதம் வீசுவதற்காகக் கம்பிகளைக் கட்டியிருந்தார்கள். எந்த அணியைப் பற்றியும் எதுவும் தெரியாத எனக்கு, அந்தக் கம்பியைப் பார்த்ததும் இவர்கள் ஜெயித்தால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான் என் விசுவாசத்தின் ஆரம்பம்.

புதுப் பயிற்சியாளர் கஸ் மால்சான். மூக்குக்கண்ணாடி, கை இல்லாத ஸ்வெட்டர், வாத்தியார் தோற்றம். உண்மையிலேயே ஆர்கன்சாவில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து மேலே வந்தவர். 2010 பட்டத்தின்போது ஆபர்னின் தாக்குதலை வகுத்தவரும் அவர்தான்.

ஆட்டத்தை ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு புரியாது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. நான்குக்குள் பத்து யார்டு, அதாவது நம்ம பத்து கஜம், முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. நூறு கஜ மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. கூடவே ஒரு உதை, ஒரு புள்ளி. தாண்ட முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. எல்லாவற்றையும் நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும்.

மால்சானின் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல். இவர் முதலில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், அதுவும் தடுப்பாட்டக்காரராக. 2012-இல் அந்த அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேன்சஸ் மாநிலத்தின் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டு ஆபர்னுக்கு வந்தார். பந்தை எறிவதில் பெரிய சூரர் இல்லை. ஆனால் கால் இருந்தது, கண் இருந்தது. அவருக்கும் டிரே மேசன் என்ற ஓட்டக்காரருக்கும் நடுவே நடந்ததுதான் அந்த வருஷத்தின் முழு சூட்சுமம்.

மார்ஷல் பந்தை வாங்கி மேசனின் வயிற்றில் வைப்பார். முழுதாகக் கொடுக்க மாட்டார். அந்த அரை நொடியில், வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட ஒரே ஒரு எதிராளியை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் மேசனை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு மார்ஷல் ஓடுவார். அவன் மார்ஷலுக்காக நின்றால் பந்து மேசனோடு போய்விடும். அந்த எதிராளி என்ன முடிவெடுத்தாலும் தப்பு. இதையே விடாமல், மூச்சுவிட நேரம் கொடுக்காமல், அவசர அவசரமாக ஆடுவார்கள். எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து வாயால் மூச்சு வாங்குவது நான்காவது கால்பகுதியில் டிவியிலேயே தெரியும். அந்த சீசனில் ஓட்டத்தால் மட்டும் ஆட்டத்துக்கு 328 கஜம். நாட்டிலேயே முதலிடம்.

ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. சீசன் தொடங்கும் முன் வந்த தரப்பட்டியலில் ஆபர்ன் கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டைப் பத்து நொடி மிச்சம் இருக்கும்போது வென்றார்கள். அடுத்த வாரம் எல்.எஸ்.யூ.விடம் 35-21 தோல்வி. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அக்டோபரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஊருக்கே போய், முந்தைய ஆண்டு சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ஜானி மேன்சீலை எதிர்த்து 45-41 என்று வென்றார்கள். அதன் பிறகு சீனியர் அண்ணனின் குரல் மாறிவிட்டது. நவம்பர் 2, சனிக்கிழமை, தீபாவளி. அன்றுதான் ஆர்கன்சாவில் ஆட்டம். குலாப் ஜாமூன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் ஓடியது. 35-17. பட்டாசுக்கு அனுமதி இல்லாத குறையைக் கத்தித் தீர்த்தோம்.

நவம்பர் 16-க்கு வருகிறேன்.

அந்தத் தேதி பலருக்கும் ஞாபகம் இருக்கும். சச்சின் கடைசியாக மைதானத்தை விட்டு நடந்த நாள். மும்பையில் மதியம் ஆகும் நேரம் எங்களுக்கு நள்ளிரவு. நாலு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் பேசினார், ஆடுகளத்தைத் தொட்டுக் கும்பிட்டார். சீனியர் அண்ணன் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் வரவே இல்லை. சரி, இனி தூக்கம் எங்கே என்று விடியற்காலை மூன்றரை மணிக்குச் சென்னையில் தொடங்கிய ஆனந்த்-கார்ல்சன் ஆறாவது ஆட்டத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். முந்தைய நாள் ஐந்தாவதில் ஆனந்த் தோற்றிருந்தார். பாதியில் கண் அசந்துவிட்டது. எழுந்து பார்த்தால் இதிலும் தோற்றிருந்தார். சொந்த ஊரில், உலகப் பட்டத்தில், அடுத்தடுத்த நாளில் இரண்டு தோல்வி.

ஆக, ஒரே இரவில் என் இரண்டு தெய்வங்களும் போய்விட்டார்கள். மதியம் யாரோ ஒரு மாணவர் டிக்கெட்டை எனக்கு மாற்றிக் கொடுக்க, முதல்முறையாக ஜோர்டன்-ஹேருக்குள் போனேன். இரண்டு மணி நேரத் தூக்கம், வெறும் காபி. எதிரணி ஜார்ஜியா, மார்ஷலை வெளியேற்றிய அதே ஜார்ஜியா.

நான்காவது கால்பகுதியில் ஆபர்ன் 37-17 என்று முன்னிலை. எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஜார்ஜியா ஒரு டச் டவுன் போட்டது. இன்னொன்று போட்டது. ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது நொடி இருக்கும்போது மூன்றாவதையும் போட்டது. 38-37. இருபது புள்ளி முன்னிலை காணாமல் போயிற்று. என்னைச் சுற்றிலும் யாரும் பேசவில்லை. முந்தைய இரவிலிருந்து நான் பார்த்த எல்லாமே இப்படித்தான் முடிந்திருந்தது. அந்த ஆபர்ன் பையன்களுக்கு என் துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொண்டது என்றே நம்பினேன். எண்பத்தேழாயிரம் பேர் வெளியே வருவதற்கு முன்பு போய்விடலாம் என்று எழுந்து நடந்தேன்.

கான்கிரீட் சரிவுப் பாதையில் பாதி இறங்கியிருப்பேன். தலைக்கு மேல் ஒரு சத்தம். கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. தரை அதிர்ந்தது. என் முன்னால் நடந்த ஒரு பெரியவர் அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். “என்ன ஆச்சு?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம்!

ஆனது இதுதான். நான்காவது டவுன், வேண்டியது பதினெட்டு கஜம், கிட்டத்தட்ட அரை நிமிடம்தான் பாக்கி. மார்ஷல் தன் பக்கத்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோல ஓர் எறி எறிந்தார். பந்து போன இடத்தில் ஜார்ஜியாவின் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அதைக் கீழே தட்டிவிட்டிருந்தால் ஆட்டம் முடிந்தது. இருவருமே பிடிக்கப் பாய்ந்தார்கள். ஒருவர் கையில் பட்டு பந்து மேலே எழும்பி, அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸின் தோளுக்கு மேலாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. எழுபத்து மூன்று கஜம். 43-38. இன்றைக்கும் இதை ‘ஜோர்டன்-ஹேர் பிரார்த்தனை’ என்கிறார்கள்.

இந்த வெற்றியை நான் சுத்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். இருபது புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்ட அணி, எதிராளியின் கை பட்டுப் பிழைத்தது. ஆபர்ன்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆனால் இதையே வைத்து அடுத்த ஆட்டத்தையும் அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

நவம்பர் 30. அயர்ன் பௌல். அலபாமாவும் ஆபர்னும் மோதுவதற்கு அந்தப் பெயர். பல காலம் இரும்பு ஆலைகளின் ஊரான பர்மிங்ஹாமில் இது நடந்ததால் வந்தது. 1907-க்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் இந்த இரண்டு கல்லூரிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை. அவ்வளவு பங்காளித் தகராறு. 2009 முதல் 2012 வரை நான்கு தேசியப் பட்டமும் இந்த ஒரே மாநிலத்துக்குத்தான் வந்தன. மூன்று அலபாமாவுக்கு, ஒன்று ஆபர்னுக்கு. 2013-இல் அலபாமா முதலிடம், அதுவரை தோல்வியே இல்லை, தொடர்ந்து மூன்றாவது பட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆபர்ன் நான்காமிடத்துக்கு ஏறியிருந்தது.

டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த எங்கள் அபார்ட்மென்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். ரசம் வைத்தாயிற்று. ஜன்னல் திறந்திருந்தது. அதுதான் பின்னால் வினையாகிப் போனது.

டிவியில் வருவது நேரடி ஒளிபரப்பு என்று நாம் நம்புகிறோம். நிஜத்தில் சில நொடி தாமதம். ஆனால் மைதானத்துச் சத்தம் ஜன்னல் வழியாக முன்பே வந்துவிடும். படத்தில் மேசன் இன்னும் பந்தை வாங்கியிருக்க மாட்டார், ஜன்னலில் ஆரவாரம். படத்தில் அலபாமா ஃபீல்டு கோல் உதைக்கத் தயாராகும்; ஜன்னலில் ஆரவாரம், ஆகவே உதை தவறப்போகிறது. பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் வெளியானது மாதிரி. “ஜன்னலைச் சாத்துடா” என்றார் சீனியர். சாத்தினால் ரசவாசனையில் மூச்சு முட்டியது. திறந்தே வைத்தோம்.

அந்த ஆரவாரத்தில் பல, அலபாமாவின் உதைக்காரர் கேட் ஃபாஸ்டர் தவறவிட்டவை. இரண்டு உதை தவறின, கடைசியில் ஒன்று தடுக்கப்பட்டது. தவறியதன் விளைவு எங்கே தெரிந்தது என்றால், நான்காவது கால்பகுதியில் 28-21 என்று முன்னிலையில் இருந்த அலபாமா, ஆபர்ன் கோட்டுக்கு அருகில் நான்காவது டவுனில் நின்றது. சாதாரணமாக அங்கே உதைத்து மூன்று புள்ளி எடுத்திருப்பார்கள். உதைக்காரர் மேல் நம்பிக்கை போய்விட்டதால் ஓடிப் பார்த்தார்கள். ஆபர்ன் மறித்துவிட்டது.

கடைசி இரண்டரை நிமிடம். ஆபர்ன் கையில் பந்து. மேசன் ஓட்டம், மறுபடி மேசன் ஓட்டம், மறுபடியும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க எவனாவது எறியாமல் ஓடுவானா என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது கஜம் பாக்கி. மார்ஷல் வழக்கம்போல மேசன் வயிற்றில் பந்தை வைத்தார், உருவினார், இடப்பக்கம் ஓடினார். அலபாமாவின் ஓரத்துத் தடுப்பாட்டக்காரர் அன்று மாலை முழுக்கப் பார்த்த காட்சி அது. மார்ஷலை நிறுத்த ஓடிவந்தார். அவர் காவலிருந்த சாமி கோட்ஸைத் தனியாக விட்டுவிட்டு வந்தார். பந்து கிளம்பிய கோட்டைத் தாண்டுவதற்கு ஓர் எட்டு முன்பு மார்ஷல் கையைத் தூக்கிப் பந்தை அந்தத் தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலாகப் போட்டார். கோட்ஸைச் சுற்றி யாருமே இல்லை. 28-28. முப்பத்திரண்டு நொடி பாக்கி.

இதை எப்படி அதிர்ஷ்டம் என்பது? பன்னிரண்டு ஆட்டமாக ஒரே பொய்யை உண்மையாக ஓடி ஓடிக் காட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒரே ஒருமுறை அதை மாற்றினார்கள். கதாகாலட்சேபம் செய்பவர் ஒரே ராகத்தில் இழுத்துக்கொண்டே போய் நாம் தலையாட்டும் நேரத்தில் சட்டென்று நிறுத்துவாரே, அந்த மாதிரி. என்னைக் கேட்டால் அந்த சீசனின் உச்சம் இந்தத் தருணம்தான். உலகம் கொண்டாடுவது அதற்கடுத்ததை.

அடுத்தது: அலபாமாவின் டி.ஜே. யெல்டன் ஓடி, கோட்டுக்கு வெளியே கால் வைத்தபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. ஆட்டம் முடிந்தது, கூடுதல் நேரம் என்று எழுந்து ரசம் ஊற்றப் போனேன். ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடினார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து ஒரு நொடியைத் திருப்பி வைத்தார்கள். கேட்டு வாங்கிய நொடி. அந்த ஒரு நொடியில் ஐம்பத்தேழு கஜத்திலிருந்து உதைக்க முடிவு. தவறவிட்ட ஃபாஸ்டர் வேண்டாம் என்று ஆடம் கிரிஃபித் என்ற இளைஞரை அனுப்பினார்கள். போலந்தில் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்று தத்தெடுத்த பையன் அவர்.

உதை குட்டையாகப் போனால் அந்தப் பந்து செத்த பந்து இல்லை. எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம். இந்த விதி எனக்குத் தெரியாது. ஆபர்ன் தன் கம்பத்தடியில் கிறிஸ் டேவிஸை நிறுத்தியிருந்தது. உதைக்கும் அணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் தடுத்து நிறுத்தும் பருத்த ஆட்கள். வேகமாக ஓடுகிறவனை விரட்டிப் பிடிக்க ஆள் கிடையாது. டேவிஸ் எல்லைக் கோட்டுக்கு ஒன்பது கஜம் உள்ளே பந்தைப் பிடித்தார். இடது ஓரமாக ஓடினார். கணக்கில் நூறு கஜம், கால் ஓடியது நூற்றொன்பது. 34-28.

நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. சரிவுப் பாதையில் கேட்டது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உதை தவறிவிட்டது, கூடுதல் நேரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. ஓர் உதை தவறினால் ஜனம் இவ்வளவு நேரம் கத்துமா? “அண்ணே, டிவில என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லடா, இன்னும் உதைக்கவே இல்ல” என்றார். கரண்டியை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் அவர் சோபாவின் மேல் ஏறி நின்றிருந்தார். டேவிஸ் கோட்டைத் தாண்டியிருந்தார்.

வர்ணனையாளர் வெர்ன் லண்ட்குவிஸ்ட் முடிவைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. கூட்டம் மைதானத்துக்குள் கொட்டுவதை மட்டும் காட்டினார்கள். நாங்கள் கதவைக்கூடப் பூட்டாமல் டூமர்ஸ் கார்னருக்கு ஓடினோம். கம்பி தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். அங்கிருந்து ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை ஐந்தரை. அம்மா பதறிப்போய், “என்னடா ஆச்சு, யாருக்கு என்ன?” என்றாள். “ஜெயிச்சுட்டோம்மா!” என்றேன். “எதுலடா? பரீட்சையிலயா?” என்றாள். அப்பா போனை வாங்கி, “இந்தியாவுக்கு இன்னைக்கு மேட்ச் ஏது?” என்றார்.

மறுநாள் கேட் ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகச் செய்தி படித்தேன். கல்லூரியில் படிக்கும் பையன், உதைத்த பந்து தவறியதற்கு. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவருக்குத் தேறுதல் சொல்லிக் கைப்பட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். ஃபாஸ்டரின் ஜெர்சி எண் 43. புஷ்ஷும் நாற்பத்து மூன்றாவது அதிபர். சீனியர் அண்ணன் முதல் வாரத்தில் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் 7, அட்லாண்டாவில் லீக் இறுதிப் போட்டி. மிசௌரியை 59-42. மேசன் மட்டும் நாற்பத்தாறு முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 304 கஜம், நான்கு டச் டவுன். அன்றிரவே இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. அப்போதெல்லாம் கருத்துக்கணிப்பையும் கணினிக் கணக்கையும் கூட்டிப் பார்த்து முதல் இரண்டு அணிகளை மட்டும் தேசிய இறுதிக்கு அனுப்புவார்கள். மூன்றே வெற்றி பெற்ற அணி ஒரே வருஷத்தில் பசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்துக்குப் போய்விட்டது.

2014 ஜனவரி 6. எதிரணி ஃப்ளோரிடா ஸ்டேட். இந்த ஆட்டத்தை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கண் கொட்டாமல் பார்த்தேன். கலிபோர்னியாவில் நடந்ததால் ஜன்னலிலும் துப்பு வரவில்லை. 21-3 என்று ஆபர்ன் முன்னிலை. அதுவும் கரைந்தது. கடைசியில் ஒரு நிமிடம் பத்தொன்பது நொடி இருக்கும்போது மேசன் முப்பத்தேழு கஜம் ஓடி 31-27 என்று திருப்பினார். அந்த ஓட்டத்தோடு அவருடைய சீசன் கணக்கு 1,816 கஜம். 1985-இல் போ ஜாக்சன் வைத்திருந்த ஆபர்ன் கல்லூரியின் சாதனை உடைந்தது. ஆனால் ஒரு நிமிடம் பத்தொன்பது நொடி அதிகம். ஜேமிஸ் வின்ஸ்டன் எண்பது கஜம் நகர்த்தி, பதின்மூன்று நொடி இருக்கையில் கெல்வின் பெஞ்சமினுக்கு எறிந்தார். 34-31.

“நீ பார்த்த, அதான்” என்றார் சீனியர் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் சச்சின் ஆடும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். பாதி நிஜமாகவும்தான் சொன்னார்.

இதையெல்லாம் பேசும்போது ஒரு விஷயம் உறுத்தும், சொல்லிவிடுகிறேன். அப்போது அந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். எண்பத்தேழாயிரம் டிக்கெட், டிவி உரிமை, எண் போட்ட சட்டை எதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் பெறலாம் என்ற அனுமதியே 2021-இல்தான் வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2020 டிசம்பரில், ஆபர்ன் மால்சானை நீக்கியது. ஒப்பந்தப்படி போவதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்தது 2 கோடியே 14 லட்சம் டாலருக்கு மேல். எனக்கு மால்சானைப் பிடிக்கும். இருந்தாலும் வேலையை விட்டுப் போகிறவருக்கு அவ்வளவு, நூற்றொன்பது கஜம் ஓடியவனுக்கு ஒன்றும் இல்லை என்பது அநியாயம்தான். அனுமதி பத்து வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும்.

வானொலியில் டேவிஸின் ஓட்டத்தை வர்ணித்த ராட் பிராம்ப்லெட்டும் அவர் மனைவியும் 2019-இல் ஒரு கார் விபத்தில் போய்விட்டார்கள். அந்தக் குரலை மட்டும் இன்னும் எடுத்துப் போட்டுக் கேட்பேன். படம் இல்லாமல். நான் அந்த நிகழ்ச்சியை முதலில் அறிந்த விதம் அதுதானே.

அதன் பிறகு வேலை கிடைத்து ஊர் மாறிவிட்டேன். டூமர்ஸ் கார்னரில் 2015-இல் புது ஓக் மரங்கள் நட்டார்கள். நான் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு அயர்ன் பௌலிலும் கடைசி இரண்டு நிமிடம் வந்தால் அடுப்படிக்குப் போய் எதையாவது கிண்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் கேட்டால் பாத்திரம் தேய்க்கிறேன் என்பேன்.

2023 நவம்பர் 25, மறுபடி ஜோர்டன்-ஹேர். பத்து வருஷம் ஆகிவிட்டது. ஆபர்ன் 24-20 என்று முன்னிலை. அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, நான்காவது டவுன், கோட்டுக்கு முப்பத்தொரு கஜம். முப்பத்தொரு கஜம்! இதில் யார் தோற்க முடியும்? இதைப் பார்க்காமல் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று துடைத்த கையோடு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தேன். ஜேலன் மில்ரோ எறிந்தார். மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார். கடிகாரத்தில் முப்பத்திரண்டு நொடி பாக்கி.

அலபாமா 27, ஆபர்ன் 24. சீனியர் அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: “டேய், பார்த்தியா?”